எண்ணுக்குக் கீழே நேரத்தையும் போடுங்கள்

பெங்களூரில் கிரிப்டோ வாலட், எக்ஸ்சேஞ்ச், போர்ட்ஃபோலியோ செயலிகளை உருவாக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கும், அந்தச் செயலிகளின் திரையில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் அல்சூரில் வருமான வரிக் கணக்கு பார்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் கடைக்காரர்கள் உண்டு, வைட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உண்டு, கோலார் தங்கவயலில் இருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர்களும் உண்டு. 2022இல் கிரிப்டோவுக்குத் தனி வரி வந்த பிறகு, இவர்களில் பலர் சம்பளச் சான்றோடு ஒரு கிரிப்டோ அறிக்கையையும் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார்கள். அதில் ஏதாவது ஒரு விற்பனை முன்னும் பின்னும் பொருந்தாமல் தனியாக நிற்கும். "இதை ஏன் அன்றைக்கு விற்றீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆப்பில் அப்படித்தான் காட்டிச்சு சார்."

அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஆப் காட்டியது எந்த நேரத்து நிலவரம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அறிக்கையிலும் இருக்காது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இருப்பு, விலை, கடன் நிலை என்று உங்கள் திரையில் எந்த எண் வந்தாலும், அது எந்த பிளாக்கில் இருந்து, அதாவது பரிவர்த்தனைகள் பதிவாகும் சங்கிலியின் எந்தக் கண்ணியில் இருந்து எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதை அதன் கீழேயே எழுதுங்கள். பழைய எண் என்றால் பழையது என்று சொல்லுங்கள்.

தங்கவயல்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் பெயரும் வேண்டாம், ஆப்பின் பெயரும் வேண்டாம். கையில் இருந்த ஈதரை (எத்திரியம் சங்கிலியின் காயின்) ஒரு கடன் புரோட்டோகாலில், அதாவது சங்கிலியில் ஓடும் ஒப்பந்த நிரலே கடன் கொடுக்கும் ஏற்பாட்டில், அடமானமாகப் போட்டு ஸ்டேபிள்காயின் (டாலர் போன்ற ஒரு பணத்தின் மதிப்பை ஒட்டியே நிற்கும் காயின்) கடனாக வாங்கியிருந்தார். இந்த ஏற்பாட்டில் ஹெல்த் ஃபேக்டர் என்று ஒரு எண் உண்டு. அது 1க்குக் கீழே போய்விட்டால், யார் வேண்டுமானாலும் கடனை அடைத்துவிட்டு அடமானத்தைத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்ளலாம். காலை ரயிலில் பங்காருப்பேட்டை தாண்டியதும் போனைத் திறந்திருக்கிறார். எண் 1.04. அன்று விடியற்காலையில் சந்தை இறங்கியது உண்மைதான். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. திரையைக் கீழே இழுத்துப் புதுப்பித்தார். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் அதே 1.04. மாலூரிலும் அதுதான், வைட்ஃபீல்டிலும் அதுதான். புதுப்பித்த பிறகும் எண் மாறவில்லை என்றால் நிலைமை அதுதான் என்று யாரும் நினைப்பார்கள். கே.ஆர். புரம் வருவதற்குள், பல வருடமாகத் தொடாமல் வைத்திருந்த பிட்காயினில் ஒரு பகுதியை எக்ஸ்சேஞ்சில் விற்றுக் கடனை அடைக்க வழி பார்த்துவிட்டார்.

சாயங்காலம் என் மேஜையில் அவருடைய வாலட் முகவரியை எக்ஸ்ப்ளோரரில், அதாவது சங்கிலியில் பதிவானதை யாரும் தேடிப் பார்க்கும் இணையதளத்தில், போட்டோம். அந்தக் கடன் ஒப்பந்தம் விலையை எங்கிருந்து எடுக்கிறதோ அங்கே அன்று காலையில் பதிவான விலைகளை வரிசையாகப் பார்த்தோம். அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே விலை திரும்பி மேலே வந்திருந்தது. ஒப்பந்தத்தின் கணக்குப்படி அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அந்த 1.04 விடியற்காலை எண். போனில் சேமித்து வைத்திருந்ததை ஆப் எடுத்துக் காட்டியிருக்கிறது. புதிதாகக் கேட்டதற்கு சர்வரில் இருந்து பதில் வரவில்லை என்பதை அது ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. அதே ரயிலில், அதே போனில், ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் இருக்கிறது. அது இத்தனை நிமிடத்துக்கு முந்தைய நிலவரம் என்று எழுதிவிட்டுத்தான் ஸ்டேஷன் பெயரைச் சொல்கிறது.

இதன் விலை என்ன என்று வரிக் கணக்கன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு லட்சம் லாபம் என்றால் 31,200 ரூபாய் போய்விடும். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. இது 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிற நிலை. அந்த ஜூலையில் இருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு. வேறு முதலீட்டில் அவசரப்பட்டு விற்றால்கூட எங்காவது சரிக்கட்ட வழி இருக்கும். இங்கே தேவையில்லாத ஒரு விற்பனை நடந்துவிட்டால் அதன் வரி அப்படியே நிற்கும், மறுநாள் அதே காயினைத் திரும்ப வாங்கினாலும் சரி. அதனால்தான் நம் ஊரில் பழைய எண் மற்ற நாடுகளைவிட அதிக சேதம் செய்கிறது என்கிறேன்.

இனி உங்கள் வேலைக்குள் கொஞ்சம் வருகிறேன். நான் பொறியாளன் இல்லை. இந்தக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரே ஒரு நேரத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே இரண்டு நேரங்கள் இருக்கின்றன. கடைசி பிளாக் எப்போது உருவானது என்பது ஒன்று, உங்கள் சர்வர் சங்கிலியை எப்போது கடைசியாகப் பார்த்தது என்பது இன்னொன்று. பிட்காயினில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அங்கே ஒரு பிளாக்குக்குச் சராசரி 10 நிமிடம். ஆனால் இடைவெளி சீராக இருப்பதே இல்லை, முழுக்க அதிர்ஷ்டக் கணக்கு. கணக்குப் போட்டால் சுமார் 400 பிளாக்கில் ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்கும். ஒரு நாளைக்கு 144 பிளாக் என்றால், கிட்டத்தட்ட மூன்று நாளைக்கு ஒரு முறை அப்படி நடக்கும். அந்த நேரத்தில் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் உங்கள் ஆப்பைத் திறந்தால், கடைசி பிளாக் 55 நிமிடம் முன்பு வந்தது, நாங்கள் 10 விநாடி முன்புதான் பார்த்தோம் என்று சொன்னால் அவர் நிம்மதியாக இருப்பார். 55 நிமிடம் என்று மட்டும் சொன்னால் பணம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னொரு முறை அனுப்பப் பார்ப்பார்.

பிட்காயின் பிளாக்கில் எழுதியிருக்கும் நேரத்தையும் கடிகாரம்போல நம்ப முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய 11 பிளாக்குகளின் நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதைவிட அது அதிகமாக இருக்க வேண்டும், சரிபார்க்கும் கணினியின் நேரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முந்தக் கூடாது, அவ்வளவுதான் விதி. அதற்குள், பிளாக்கை உருவாக்கும் மைனர் எழுதியதே நேரம். அடுத்த பிளாக் முந்தைய பிளாக்கைவிடச் சற்று பழைய நேரத்தோடு வருவதும் உண்டு. ஆகவே நேரத்தோடு பிளாக் எண்ணும் வேண்டும். வரிசையை அதுதான் சொல்லும்.

எத்திரியத்தில் கதை வேறு. 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கை விட்டு மாறிய பிறகு 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட், அதாவது ஒரு பிளாக்குக்கான இடம். ஓரிரு ஸ்லாட் காலியாகப் போகலாம். ஆனால் கடைசி பிளாக்குக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகிவிட்டது என்று உங்கள் நோட் (சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினி) சொன்னால், பின்தங்கியிருப்பது பெரும்பாலும் அந்த நோட்தான். பிட்காயினில் சாதாரணமான இடைவெளி எத்திரியத்தில் எச்சரிக்கை. சொலானாவில் ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் அந்தச் சங்கிலியே 2021 செப்டம்பரில் சுமார் 17 மணி நேரமும், 2024 பிப்ரவரியில் சுமார் 5 மணி நேரமும் நின்றுபோனது. அன்றைக்கு எந்த நோட்டைக் கேட்டாலும் பழைய எண்தான் வந்திருக்கும். எல்லாச் சங்கிலிக்கும் ஒரே 'இத்தனை நிமிடம் தாண்டினால் சிவப்பு' என்று வைக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சங்கிலிக்கு ஏற்ப அளவு மாற வேண்டும். இதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்.

விலைக்கு வருவோம். பழைய விலை எல்லாமே தவறான விலை என்று நான் சொல்லவில்லை. எத்திரியத்தில் செயின்லிங்க் (வெளிச்சந்தை விலையைச் சங்கிலிக்குள் கொண்டுவரும் சேவை) தரும் ஈதர்-டாலர் விலை, சந்தை அரை சதவீதம் நகர்ந்தால் மாறும். நகராவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். அதனால் 50 நிமிடப் பழைய விலை அங்கே முறைப்படி சரியானதாகவே இருக்கலாம். வேறு சில காயின்களுக்கு ஒரு நாள் வரை மாறாமல் இருக்கவும் இடம் உண்டு. கடைசியாக எப்போது மாறியது என்ற நேரமும் அந்தப் பதிலோடு சேர்ந்தேதான் வருகிறது. சர்வர் வரைக்கும் வருகிறது, திரைக்கு மட்டும் வருவதில்லை.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மே மாதத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. டெர்ரா என்ற சங்கிலி சரிந்த வாரம். அதன் காயினான லூனாவின் விலை மணிக்கு மணி விழுந்துகொண்டிருந்தது. அந்த விலையைத் தந்த செயின்லிங்க் ஃபீடில் இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிமட்டம் வைத்திருந்தார்கள். விலை அங்கே வந்ததும் ஃபீட் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியாக அது காட்டியது சுமார் 0.107 டாலர். வெளிச்சந்தையில் லூனா அப்போது ஒரு சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. வீனஸ் என்ற கடன் புரோட்டோகால் அந்த நின்றுபோன விலையையே நம்பிக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சென்ட்டுக்கு லூனாவை வாங்கி, உள்ளே பத்து சென்ட் மதிப்பில் அடமானம் வைத்து, நல்ல காயின்களைக் கடனாக எடுத்துப் போனார்கள். வீனஸுக்குச் சுமார் 1.12 கோடி டாலர் நஷ்டம். அவலான்ச் சங்கிலியில் இருந்த பிளிஸ் என்ற புரோட்டோகாலை இதே வழியில் துடைத்தே எடுத்துவிட்டார்கள். இந்த விலை எத்தனை மணிக்குப் பதிவானது, அதற்குள் எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்ற ஒரே ஒரு சோதனை இருந்திருந்தால் கடன் கொடுப்பது அங்கேயே நின்றிருக்கும். கோடிக்கணக்கான டாலர் புழங்கும் இடத்திலேயே இந்தச் சோதனை விட்டுப்போயிருக்கிறது. ஒரு வாலட் ஆப்பில் விட்டுப்போவது ஆச்சரியம் இல்லை, ஆனால் தெரிந்த பிறகும் விட்டு வைக்கக் கூடாது.

சந்தை பதறும் நாளில்தான் தரவும் பின்தங்கும் என்பது இதில் வேதனையான பகுதி. 2020 மார்ச் 12 அன்று ஈதர் ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நெட்வொர்க் நெரிசலில் பரிவர்த்தனைகள் வரிசையில் நின்றன, விலைப் பதிவுகளும் தாமதமாயின. மேக்கர் என்ற கடன் புரோட்டோகால் அடமானத்தை விற்கும் ஏலத்தில், போட்டியாளர்கள் கேட்ட விலைகள் உள்ளே வர முடியாமல், 80 லட்சம் டாலருக்கு மேலான ஈதர் பூஜ்ய விலைக்குக் கைமாறியது. அமைதியான நாளில் உங்கள் ஆப் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று அளந்து பார்த்துத் திருப்திப்படுவது போதாது. எண் தாமதமாகும் நாளில்தான் மக்கள் அதிகம் பார்க்கிறார்கள், அதிகம் விற்கிறார்கள்.

இன்னொரு வகை உண்டு: எண் புதியது, நேரமும் சரி, ஆனால் சங்கிலியே வேறு. 2020 நவம்பர் 11 அன்று எத்திரியத்தில் கெத் என்ற நோட் மென்பொருளின் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்த நோட்கள் ஒரு பிளாக்கில் மற்றவர்களிடம் இருந்து பிரிந்து போய்விட்டன. மற்றச் செயலிகளுக்காக நோட் நடத்தும் இன்ஃபியூரா என்ற கம்பெனியின் நோட்களும் அதில் சேர்ந்தன. மெட்டாமாஸ்க் உட்பட ஏராளமான வாலட்களும் செயலிகளும் இன்ஃபியூராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பைனான்ஸ் உட்படச் சில எக்ஸ்சேஞ்சுகள் ஈதர் எடுப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தன. பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது என்று நாம் மக்களிடம் சொல்கிறோம். அவர்கள் பார்க்கும் திரையோ ஒரே ஒரு கம்பெனியின் சர்வரைத்தான் கேட்கிறது. இதைக் கண்டுபிடிக்க நேரம் உதவாது. ஒரே பிளாக் எண்ணுக்கு இரண்டு வேறு இடங்களில் ஹேஷ் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாளக் குறி) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயனாளர் தினமும் செய்யக்கூடிய வேலை இல்லை இது. உங்கள் சர்வர் பின்னணியில் செய்ய வேண்டும், பொருந்தவில்லை என்றால் உடனே திரையில் சொல்ல வேண்டும்.

மும்பையில் தொடங்கி இந்தியாவில் பலர் பயன்படுத்தும் பாலிகானில் 2023 பிப்ரவரியில் 157 பிளாக்குகள் கழன்று வேறு பிளாக்குகள் அந்த இடத்தில் வந்தன. ஐந்து நிமிடத்துக்கு மேலான பதிவு அது. நூறு கன்ஃபர்மேஷன் (தன் பரிவர்த்தனைக்கு மேல் சேர்ந்த பிளாக்குகள்) தாண்டியாயிற்று என்று நம்பியிருந்தவருக்கும் அன்று அது போதவில்லை. எத்திரியத்தில் இதற்காகவே சமீபத்தியது, பாதுகாப்பானது, இறுதியானது என்று மூன்று நிலைகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். சாதாரண நாளில் இறுதியாவதற்கு சுமார் 13 நிமிடம் ஆகும். 2023 மே 11 அன்று சுமார் 25 நிமிடமும், மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுதியாவது நின்றுபோனது. பிளாக்குகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பச்சை டிக் ஒன்றை மட்டும் காட்டும் ஆப்பில் இந்த வித்தியாசமே தெரியாது. 'பிளாக்கில் சேர்ந்தது', 'இறுதியானது' என்று இரண்டு வார்த்தை போதும். நிலத்தை விற்ற பணத்தை ஸ்டேபிள்காயினாக வாங்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள் (அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை). அவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆப் சொல்ல வேண்டாமா?

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ரொம்பச் சின்ன வேலை. விற்கவோ அனுப்பவோ கை போகும்போது, முதலில் ஆப்பை விட்டு வெளியே வந்து எக்ஸ்ப்ளோரரைத் திற. அதன் முகப்பில் கடைசி பிளாக் எண்ணும் அதற்கு எத்தனை விநாடி ஆயிற்று என்பதும் இருக்கும். வேறொரு எக்ஸ்ப்ளோரரையும் திறந்து இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று பார். எக்ஸ்ப்ளோரரும் ஒரு தரவுத்தளம்தான். அதுவும் சில நேரம் பின்தங்கும், அதனால்தான் இரண்டு. அப்புறம் உன் முகவரியைப் போட்டு இருப்பைப் பார். பணம் வரவேண்டியிருந்தால் பரிவர்த்தனை ஹேஷைப் போட்டு, வெற்றி என்று இருக்கிறதா, எந்த பிளாக்கில் ஏறியது, எத்தனை கன்ஃபர்மேஷன் என்று பார். இன்னும் பிளாக்கில் ஏறவில்லை என்றால் அது வந்த பணம் இல்லை. ஆப் சொல்வதும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால், அன்றைக்கு எதையும் விற்காதே, கால் மணி நேரம் பொறு. எக்ஸ்ப்ளோரரை வாட்ஸ்ஆப்பில் வந்த லிங்க் வழியாகத் திறக்காதே என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

வைட்ஃபீல்டு பிள்ளைகள் இதைச் சுலபமாகச் செய்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கடைக்காரருக்கு இது பெரிய வேலை. எக்ஸ்ப்ளோரரில் இருப்பது முழுக்க ஆங்கிலம், எழுத்தோ பொடி. அவரால் செய்ய முடியாததை உங்கள் திரை ஒரு வரியில் செய்துவிடும். அதற்கு வேண்டிய தகவல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பிட்காயின் கோர் என்ற நோட் மென்பொருளைக் கேட்டால் எத்தனை பிளாக்கின் தலைப்புகள் வந்திருக்கின்றன, அதில் எத்தனையை முழுதாகச் சரிபார்த்தாயிற்று என்று தனித்தனியாகச் சொல்கிறது. தி கிராஃப் என்ற சேவையின் சப்கிராஃபை, அதாவது சங்கிலித் தரவை அட்டவணைப்படுத்தி வைத்த தொகுப்பைக் கேட்டால் எந்த பிளாக் வரை இன்டெக்ஸ் ஆகியிருக்கிறது, நடுவில் பிழை உண்டா என்று சொல்கிறது. இதையெல்லாம் வாங்கி, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடுவதுதான் இப்போது நடப்பது.

ஸ்கிரீன்ஷாட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஏதோ ஒரு பெரிய வாலட்டில் இருந்து எக்ஸ்சேஞ்சுக்குக் காயின் போகிறது, விலை விழப்போகிறது என்று ஒரு படம் காலையில் கிளம்பும். நாலைந்து வாட்ஸ்ஆப் குழுக்களைச் சுற்றிக்கொண்டு மதியம் ஸ்ரீராமபுரத்துக்கு வரும்போது அது இப்போது நடப்பதுபோலவே இருக்கும். பல நேரம் அது எக்ஸ்சேஞ்ச் தன் ஒரு வாலட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டதாக இருக்கும். வாலட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் யாரோ ஊகித்துப் போட்டதாக இருக்கும். படம் அனுப்புகிறவர்களைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் எண்ணுக்குக் கீழே பிளாக் எண்ணும் நேரமும் அச்சாகியிருந்தால், படம் எத்தனை குழுவுக்குப் போனாலும் அதன் வயது கூடவே போகும். மூன்று மணி நேரப் பழையது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நேரம் போடும்போது எந்த நேரம் என்பதையும் எழுதுங்கள். எக்ஸ்ப்ளோரர்களும் பல அறிக்கைகளும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தைப் போடுகின்றன, நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் கூட. பெரும்பாலான விலை வரைபடங்களில் ஒரு நாள் முடிவது நம் விடியற்காலை 5.30க்கு. சாதாரண நாளில் இது குழப்பத்தோடு போய்விடும். மார்ச் 31 அன்று அப்படிப் போகாது. அன்று யூ.டி.சி. 18.30க்குப் பிறகு நடந்த விற்பனை நமக்கு ஏப்ரல் 1, அதாவது அடுத்த நிதியாண்டு. நேர மண்டலம் எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த வருடத்தில் காட்டுவது என்று தேடுவது வருடா வருடம் எனக்கு வரும் வேலை. இந்திய நேரம் என்று இரண்டு சொல் போட்டால் தீர்ந்தது.

உங்களில் சிலரோடு பேசியபோது சொன்ன மறுப்புகள் எனக்குத் தெரியும். திரையில் இடம் இல்லை என்கிறார்கள். இடம் இருக்கிறது, இன்று எத்தனை சதவீதம் ஏறியது என்று பச்சையிலும் சிவப்பிலும் பெரிதாகப் போட இடம் இருக்கும்போது, அதன் கீழே ஒரு சிறு வரிக்கும் இருக்கும். மக்களுக்கு பிளாக் என்றால் புரியாது என்கிறார்கள். பி.என்.ஆர். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தா எல்லோரும் ரயில் டிக்கெட் பார்க்கிறார்கள்? தேவைப்படும்போது சரிபார்க்க ஒரு எண் கையில் இருந்தால் போதும். பழைய தரவு என்று எழுதினால் பயனாளர் பயந்து ஓடிவிடுவார் என்கிறார்கள். இது ஒன்றுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பங்குச் சந்தை விலையைத் தாமதமாகக் காட்டும் இடங்களில் தாமதம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதனால் யாரும் ஓடவில்லை. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி சொன்னதற்காக 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ விளம்பரங்களில் இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, மிகுந்த ஆபத்துள்ளது, நஷ்டம் வந்தால் முறையிட வழி இல்லாமல் போகலாம் என்று எழுதுகிறீர்கள். முறையிட வழி இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தைத் தவிர்க்க உதவும் ஒரு வரியை மறைத்து வைப்பது நியாயம் இல்லை.

பரபரப்பில் விற்கிறவர்களால் எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டணம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக யாரும் வேண்டுமென்றே நேரத்தை மறைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டதுதான் என்றே நம்புகிறேன், அதனால்தான் புகாராக எழுதாமல் மடலாக எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்பது புரிகிறது. எதில் தொடங்குவது என்று கேட்டால் கடன் நிலை காட்டும் திரையில் தொடங்குங்கள், அடுத்து விற்கும் பொத்தான். சர்வரில் இருந்து புதிய பதில் வராதபோது பழைய எண்ணைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள், அதன் மேல் விற்கவோ அடைக்கவோ போனால் ஒரு நொடி நிறுத்தி, 'இது காலை 5.10 நிலவரம், இப்போது புதிய தகவல் கிடைக்கவில்லை, தொடரட்டுமா?' என்று கேளுங்கள். தொடர வேண்டியவர் தொடரட்டும். அவர் பணம், அவர் முடிவு. அதன் பிறகு இருப்புத் திரை. அதில் பிளாக் எண்ணைத் தொட்டால் எக்ஸ்ப்ளோரரில் அதே பிளாக் திறக்க வேண்டும். கடைசியாக வரி அறிக்கை: ஒவ்வொரு வரியிலும் பரிவர்த்தனை ஹேஷும் இந்திய நேரமும்.

தமிழில் எப்படி எழுதுவது என்ற தயக்கம் இருந்தால், என்னிடம் வருகிறவர்களுக்குப் புரிந்த வாசகத்தைத் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "கடைசி பிளாக் வந்தது: காலை 8.42. நாங்கள் பார்த்தது: காலை 8.43. இந்திய நேரம்."

இப்படிக்கு,
அல்சூரில் இருந்து ஒரு வரிக் கணக்கர்